சுயம்புக்கனி காற்றைக் கழற்றிய கதை

கூந்தன்விளையில் பிறக்கிற பிள்ளைகள் அம்மா என்று கூப்பிடப் பழகுவதற்கு முன்பே காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நிற்கப் பழகிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் இறங்குகிற அந்தக் காற்று ஓடுகளைக் கிளப்பும், ஓலையைக் கிளப்பும், குலை தள்ளிய வாழையை முட்டுக்கம்போடு சேர்த்துச் சாய்க்கும், ஒருவர் பேசுகிற பேச்சைப் பாதியிலேயே பறித்துக்கொண்டு போய் அடுத்த தெருவில் போடும்; அதனாலேயே அந்த ஊர்க்காரர்கள் வெளியூர்க் கல்யாண வீடுகளிலும் சத்தம் போட்டுப் பேசுவார்கள், பேசும்போது ஒரு கையால் தலைமயிரைப் பிடித்துக்கொள்வார்கள். மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகள் நின்றன. ஊரில் அவற்றுக்குக் காத்தாடி என்று பெயர். ஆடி மாதத்தில் காத்தாடி சுற்றாமல் நின்று யாரும் பார்த்ததில்லை, சுயம்புக்கனி தன் மோட்டார் சைக்கிளின் த்ராட்டில் பாடியைக் கழற்றிய நாள் வரைக்கும்.

சுயம்புக்கனி பூ ஏற்றுகிறவள். விடியும்போதே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிச்சியையும் மல்லியையும் மூட்டை கட்டி, வண்டியின் முன்னும் பின்னும் ஏற்றி, தோவாளைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். மூட்டை ஏறினால் வண்டியும் தெரியாது, அவளும் தெரியாது. வாசனை ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது போலிருக்கும். அவள் புருஷன் இசக்கியப்பனுக்கு வண்டி என்றாலே பயம். பின்னால் உட்காரக்கூட மாட்டான். வீட்டிலிருந்து பூக் கட்டுவான். அவன் விரலில் நார் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது, மடியில் முழம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

அந்த ஆடியில் வண்டிக்கு ஒரு நோய் வந்தது. கிளப்பினால் கிளம்பும், ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்தால் செத்துவிடும். வேகத்தடையில் சாகும், சந்தைக் கூட்டத்தில் சாகும், பூ வாடுகிற நேரமாகப் பார்த்து நடு ரோட்டில் சாகும். வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் மகளின் பிரசவத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுத் திருவனந்தபுரம் போயிருந்தார். போனில் கேட்டதற்கு, த்ராட்டில் பாடியில் கரி அடைத்திருக்கும், நான் வரட்டும் என்றார். பூ யாருக்காகக் காத்திருக்கும்? செல்போனில் ஒரு தாடிக்காரர் இந்தியில் பேசிக்கொண்டே கழற்றிக் காட்டுகிற வீடியோவை ஓடவிட்டு, முற்றத்தில் சாக்கை விரித்து, ஸ்பானரோடு உட்கார்ந்துவிட்டாள்.

"கழத்துனா திரும்ப மாட்டத் தெரியுமா பிள்ளே?" என்று வாசற்படிக்கு இந்தப் பக்கம் வராமலேயே கேட்டான் இசக்கியப்பன்.

"மொதல்ல கழத்துவம். மாட்டுகத பெறவு பாப்பம்."

சீட்டைத் தூக்கினாள், டேங்கை இறக்கினாள், கேபிளை விடுவித்தாள், ஒயர் பின்னைப் பிடுங்கினாள். த்ராட்டில் பாடி என்பது எஞ்சினுக்குத் தொண்டை மாதிரி. உள்ளங்கையில் அடங்குகிற அலுமினியக் குழாய். அதன் நடுவில் காசு மாதிரி ஒரு பித்தளைத் தகடு. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் தகடு சாய்ந்து திறந்து காற்று உள்ளே போகும், விட்டால் ஒரு ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். காற்றுக்கு ஒரு கதவு, அவ்வளவுதான். கடைசி போல்ட் கழன்றதும் அவள் அதை இப்படியும் அப்படியும் அசைத்து, ஆடுகிற பால்பல்லைப் பிடுங்குவது போல மெதுவாக உருவி எடுத்தாள்.

காற்று நின்றது.

கொடியில் படபடத்துக்கொண்டிருந்த துணிகள் செத்த கோழி மாதிரி தொங்கின. தென்னை ஓலைகள் பாதி ஆட்டத்தில் நின்றன. காத்தாடிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து, இறக்கையை நீட்டியபடி அசையாமல் நின்றன. ஊர் முழுக்கச் சாய்ந்து நின்றவர்கள் முன்னால் தடுமாறி விழுந்தார்கள், ஏனென்றால் சாய்வதற்கு எதிரே ஒன்றும் இல்லை. அப்போதுதான் கூந்தன்விளைக்குத் தன் சொந்தச் சத்தங்கள் கேட்டன: கிணற்றில் நீர் சொட்டுவது, அரிசி கொதிப்பது, ஏதோ ஒரு வீட்டில் யாரோ பெருமூச்சு விடுவது.

சுயம்புக்கனிக்கு இதெல்லாம் தெரியவில்லை. அவள் தகட்டில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்து உச்சுக்கொட்டி, கிளீனரை அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, வேட்டித் துணியால் துடைத்து, சரியாகத் திறக்கிறதா என்று கட்டை விரலால் தகட்டைத் தள்ளினாள். சாக்கு பறந்தது. துணிகள் எழுந்தன. அடிவாரத்துக் காத்தாடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முனகிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றின. விரலை எடுத்தாள், நின்றது. மறுபடி தள்ளினாள்; வந்தது.

இசக்கியப்பன் வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்கு வந்தான். இரண்டு பேரும் அந்தச் சின்னச் சாமானையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"கனி," என்றான் அவன், "அத கீழ வச்சிராத."

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டது. எப்படி என்று கேட்டவர்கள் குறைவு; எனக்கு எப்போது என்று கேட்டவர்கள்தான் அதிகம். வாழைக்காரர்கள் வந்து குலை வெட்டுகிற வரைக்கும் திறக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். உளுந்து தூற்றுகிறவர்கள் களத்தில் குவித்து வைத்துவிட்டு ஒரு நாழிகைக்காவது விடு என்றார்கள். அசைந்த தொட்டிலில் பழகிய கைக்குழந்தைகள் புழுக்கத்தில் கத்தின. வார்டு மெம்பர் தாணுலிங்கம், எதையும் முறைப்படுத்தாவிட்டால் தூக்கம் வராதவர், காற்றுக்கு நேரம் வகுத்தார்: காலையில் துணி காய ஒரு ஓட்டம், மத்தியானம் தூற்றுகிறவர்களுக்கு ஒரு வீச்சு, மாலையில் பிள்ளைகள் தூங்க ஒரு தடவல். கோயில் கொடையன்று சாமி ஊர்வலத்தில் தீவட்டி அணையாமல் இருக்க மூடினார்கள். மாதா சப்பரம் வந்தபோது கொடி பறக்கத் திறந்தார்கள். காற்று இல்லாமல் யாரும் இறக்கவில்லை, காற்றோடு யாரும் சண்டை போடவில்லை. பெண்கள் தலைமயிரைப் பிடிக்காமல் இரண்டு கையையும் வீசி நடந்தார்கள். த்ராட்டில் பாடிக்குப் பித்தளைத் தாம்பாளம் வந்தது, பிச்சிச் சரம் வந்தது, யாரோ திருநீறு பூசினார்கள், யாரோ பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அந்த மெழுகுவர்த்தியின் சுடர், தகடு மூடியிருந்தாலும், சாமானுக்குள் யாரோ மூச்சு விடுவது போல மெதுவாக உள்ளே வளைந்து வெளியே வளைந்தது. அதைப் பார்த்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

வண்டி கழற்றியபடியே கிடந்தது. சுயம்புக்கனியின் பூவைப் பக்கத்து ஊர் ஆட்டோ ஏற்றியது. சாப்பிடும்போதும் தாம்பாளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். தகட்டைத் தள்ளும்போதெல்லாம், அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ அவள் விரலைத் திருப்பித் தொடுவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அங்கே லீமாறோஸும் அவள் புருஷன் ஞானசிங்கும் இருந்தார்கள். லீமாறோஸின் ஆடு ஒரு காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, சந்தைக்குக் கட்டி வைத்திருந்த ஒரு மூட்டைப் பிச்சி மொட்டையும் தின்றுவிட்டது. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஞானசிங் காத்தாடிகளில் கயிறு கட்டித் தொங்கி இறக்கையின் விரிசல்களைப் பூசி அடைக்கிறவன். காத்தாடிகள் நின்றதும் கம்பெனிக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். ஆடியில் இப்படி ஒரு வாய்ப்பு இனி எந்தக் காலத்திலும் வராது, இந்த வாரமே எல்லா இறக்கையையும் பார்த்துவிடலாம் என்றார்கள். லீமாறோஸ் தானாக வந்து கேட்க மனமில்லாமல் மெம்பரிடம் சொல்லியனுப்பினாள்.

"ஞானசிங் மேல தொங்கிட்டிருக்கான் கனி. அவன் எறங்குக வரைக்கும் தகட்டத் தொடப்பிடாது," என்றார் மெம்பர்.

"அவியளுக்கு வாய் இல்லியா, நீங்க வாறீய?" என்றாள் சுயம்புக்கனி. ஆனாலும் தாம்பாளத்தை உள்ளே கொண்டுபோய், வீட்டின் உள்ளறையான அரங்கில் வைத்தாள். துணி காயக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

ஆனால் அத்தனை நாள் திறந்தும் மூடியும், மூடியும் திறந்தும், அந்த ஸ்பிரிங் களைத்துப்போயிருந்தது. ஞானசிங் ஊரிலேயே உயரமான காத்தாடியின் இறக்கை நுனியில் தொங்கிக்கொண்டிருந்த முற்பகலில், யாரும் தொடாமலேயே, 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஸ்பிரிங் இரண்டு துண்டாகத் தாம்பாளத்தில் கிடந்தது. தகடு மெதுவாகச் சாய்ந்தது.

கணவாயில் என்னவோ உறுமியது. வீட்டு ஓடுகள் தடதடத்தன. சுயம்புக்கனி பாய்ந்து போய்க் குழாய்க்குள் கட்டை விரலை விட்டுத் தகட்டை அழுத்தினாள். நின்றது. ஆனால் இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து தள்ளுவது தெரிந்தது. கோபம் இல்லை அதில். கட்டுத்தறியில் நிற்கிற மாடு கயிறு எவ்வளவு நீளம் என்று பார்ப்பது போல, பொறுமையாக, முழு பலத்தோடு தள்ளியது.

லீமாறோஸ் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். பேசாமல் இருந்த நாட்களெல்லாம் அவள் வாயிலிருந்து ஒரே மூச்சில் உதிர்ந்தன.

"விட்டுராத பிள்ளே! எறக்க திரும்பிட்டு. கயிறு சுத்திக்கிட்டு அவிய கெடக்காவ. கனி, விட்டுராத!"

"விடல. நீ பேசாம இரி."

வாழைநாரால் கட்டிப் பார்த்தார்கள், அறுந்தது. டேப்பைச் சுற்றினார்கள், உரிந்து சுவரில் போய் ஒட்டியது. மெம்பர் ஒரு மரக்கட்டையை ஆப்பாக அடித்தார். அது அவர் காதோரம் விசிலடித்துக்கொண்டு போனது. விரலுக்கு மட்டும்தான் அது அடங்கியது. விரலோ வீங்கி, நீலம் பாரித்து, மரத்துப் போய்க்கொண்டிருந்தது.

"தா இங்க," என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஒரு விரல் வெளியே வருவதற்குள் இன்னொரு விரல் உள்ளே போனது. அதன்பிறகு தெருப் பெண்கள் எல்லாரும் வரிசையில் வந்தார்கள். பூப் பறிக்கிறவர்கள், பள்ளிக்கூடத்தில் சோறாக்குகிறவள், நிறைமாதக்காரி ஒருத்தி, எல்லாரும் அந்த அரங்குக்குள் நெருக்கிக்கொண்டு நின்று, ஆளுக்குக் கொஞ்ச நேரம் மலையளவு காற்றைக் கட்டை விரலால் தாங்கினார்கள். எடுத்த விரலை ஊதிக்கொண்டே வெளியே வந்தவர்கள் மெல்லிய குரலில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கன்றுக்குட்டி சூப்புவது போலிருந்தது என்றாள் ஒருத்தி. கடல் உள்வாங்கும்போது காலடியில் மணல் போகுமே, அதுபோல என்றாள் இன்னொருத்தி. நிறைமாதக்காரி வயிற்றைத் தடவியபடி, "எனக்குத் தெரிஞ்சதுதான் இது. உள்ளேருந்து குதிகாலு வச்சு உந்துமே, அந்த உந்துதான்," என்றாள்.

இசக்கியப்பன் எதிர்வீட்டு மொட்டை மாடியில் நின்று காத்தாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். ஞானசிங் அசைகிறான். ஒரு கையை விடுவித்துவிட்டான். கீழே இன்னொரு கயிறு ஏறுகிறது. ஆனால் கயிறு அவனிடம் போய்ச் சேர நேரமாகும். விரல்கள் அதற்குள் தீர்ந்துவிடும். அவன் இறங்கி வந்து அரங்கு வாசலில் நின்றான். வண்டியைப் பார்த்தாலே ஒதுங்குகிறவன், குனிந்து, லீமாறோஸின் விரலை உற்றுப் பார்த்தான். அப்போது அவளுடைய முறை. மற்றவர்களை விட அதிக நேரமாக அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடி, குழாயோடு வாயை வைத்து, "செத்த பொறு மக்களே, எங்க வீட்டு ஆளு எறங்கட்டும், செத்த பொறு," என்று காற்றிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கெஞ்சும்போது விரல் கொஞ்சம் தளர்ந்தது, தகடு கொஞ்சம் அசைந்தது, பிறகு விரல் மெதுவாக அதைத் திரும்பத் தள்ளியது. அந்த மாதிரிப் பிடித்ததால்தான் அவளால் அவ்வளவு நேரம் பிடிக்க முடிந்தது.

"கட்டிப் போட்டா நிக்காது. விட்டுக் குடுத்துப் பிடிக்கணும்," என்றான் இசக்கியப்பன். "ஸ்பிரிங்தான் வேணும். லீமா, உங்க கொடில துணிக்குக் குத்துக கிளிப்பு இருக்கா?"

"இருக்கு. எல்லாத்தையும் எடு."

கொடியிலிருந்து கிளிப்புகள் வந்தன. அவன் ஒன்றை இரண்டாகப் பிய்த்து, நடுவிலிருந்த கம்பிச் சுருளை எடுத்தான். நாரை இழுத்துப் பூவுக்கு முடிச்சுப் போடுகிற அதே விரல்களால், லீமாறோஸின் விரலுக்கும் தகட்டுக்கும் இடையில் இருந்த இத்தனூண்டு இடத்தில், சுருளின் ஒரு காலைக் கொக்கியில் மாட்டினான், மறு காலை வளைத்தான். காற்று அவன் நகக்கண்ணில் குளிர்ந்தது. அவன் கையை இழுக்கவில்லை. அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி மாட்டிவிட்டான்.

"எடு."

லீமாறோஸ் எடுக்கவில்லை.

"எடு லீமா," என்றாள் சுயம்புக்கனி, அவள் தோளில் கையை வைத்து. "நா இருக்கேன்."

எடுத்தாள். தகடு அசைந்தது, நின்றது, மூடியது.

ஞானசிங் இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போகவில்லை. இடுப்பில் பெல்ட்டும் கொக்கிகளும் அப்படியே தொங்க, சுயம்புக்கனியின் முற்றத்துக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தான். லீமாறோஸ் அவன் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள்.

"எக்கா," என்றான் அவன், "மேலேருந்து நா பாத்தேன். மலைக்கு அந்தப் பக்கம் நிக்குது. எல்லாம் நிக்குது. மொத நாளுல நின்ன காத்து முன்னால, அதுக்குப் பின்னால அடுத்த நாளுது, அதுக்குப் பின்னால அதுக்கடுத்தது. ஒண்ண ஒண்ணு முட்டாம, மேய்ச்சலுக்குப் போன மாடு திரும்பி வந்து தொழுவாசல்ல நிக்குமே, அப்படி நிக்குது. என்னயப் பாத்துது."

முற்றத்தில் நின்றவர்கள் மலையைத் திரும்பிப் பார்த்தார்கள். மெம்பர்தான் கடைசியில் தொண்டையைக் கனைத்தார். இனிமேல் இது ஊருக்குப் பொது, கோயிலில் வைத்துப் பூட்டலாம், நல்ல ஸ்பிரிங்காக வாங்கிப் போடலாம் என்று ஆரம்பித்தார்.

"மெம்பரே, இது எங்க வண்டிக்க தொண்டை," என்றாள் சுயம்புக்கனி. "காத்துக்க தொண்டைய நம்ம வச்சிருக்கப்பிடாது. நாளைக்கு மாட்டப் போறேன். ஓட்டு மேல கல்லு வைக்கணும்னு உள்ளவிய வச்சிக்கிடுங்க."

மறுநாள் காலை கூந்தன்விளை முழுக்கக் கயிறும் கல்லுமாக அலைந்தது. ஓடுகளின் மேல் கல் ஏறியது, வாழைக்கு இரட்டை முட்டு வைத்தார்கள், ஆடுகளை வீட்டுக்குள் கட்டினார்கள். அவள் அலுமினியக் குழாயை எஞ்சினில் பொருத்தினாள், போல்ட்டை முறுக்கினாள், ஒயர் பின்னைச் செருகினாள், கேபிளைக் கொக்கியில் மாட்டினாள், டேங்கைத் தூக்கி வைத்தாள். இசக்கியப்பன் இந்த முறை டேங்கின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். எல்லாரும் கண்ணை இறுக்கிக்கொண்டு நிற்க, அவள் சுவிட்சை அழுத்தினாள். வண்டி கிளம்பியது. கையை எடுத்தாள். சாகவில்லை, பூனை மாதிரி சீராக உறுமிக்கொண்டு நின்றது.

காற்று வரவில்லை.

மெதுவாக ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். எஞ்சின் இரைந்தது, ஒரு இலைகூட அசையவில்லை. தெருவில் நின்றவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. காற்றைக் கொன்றுவிட்டோமோ என்று நினைத்தாள். நேற்று அவள் விரலைத் தொட்ட அது இப்போது எங்கே இருக்கிறது?

லீமாறோஸ் ஒன்றும் கேட்காமல் வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"போ பிள்ளே. போய்ப் பாத்துருவம்."

அசையாத ஊர் வழியாக, அசையாத தென்னைகளின் நடுவே, நின்ற காத்தாடிகளின் நிழல்களை ஒவ்வொன்றாகத் தாண்டி இரண்டு பெண்களும் கணவாயை நோக்கிப் போனார்கள். மலை இரண்டும் நெருங்கி வருகிற இடத்தில், ரோட்டை விட்டு இறங்கி, புல்மேட்டில் வண்டியை நிறுத்தி, சுயம்புக்கனி எஞ்சினை அணைத்தாள். அவ்வளவு பெரிய அமைதியை அவள் காது அதுவரை கேட்டதில்லை. யாரோ ஒருவர் பேச வாயெடுத்து நிறுத்தினது போலிருந்தது.

"வாயேன்," என்றாள் அவள், எதிரே பார்த்து. அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் கணவாயின் உச்சியில் புல் சாய்ந்தது. சாய்வு ஒரு கோடாகச் சரிவில் இறங்கி வந்தது, அவசரமில்லாமல், ஒவ்வொரு புதரையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு. அவள் கை தன்னையறியாமல் ஆக்ஸிலேட்டரை இறுக்கி மூடியது. அது நிற்கவில்லை. அவளைக் கேட்கவே இல்லை. வந்து, முகத்தில் பட்டு, இரண்டு பேரின் நடுவிலும் புகுந்து, ஊரை நோக்கிப் போனது. அதன் பின்னால் அடுத்த நாளின் காற்று வந்தது, அதில் மழையின் வாசனை இருந்தது. அதன் பின்னால் அதற்கடுத்தது, இன்னும் கனமாக. அவர்களுக்குப் பின்னால் காத்தாடிகள் ஒன்று மாற்றி ஒன்று விழித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. லீமாறோஸ் அழுதாளா சிரித்தாளா என்று சுயம்புக்கனி திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை நிமிர்த்தி வைக்க இருவராலும் முடியவில்லை. புல்லில் சாய்த்துப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நின்றிருந்த அத்தனை நாட்களும் கடந்து போய்த் தீருகிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தது. எழுந்திருக்க அவர்களுக்கு மனசும் இல்லை.